பிரவுசரே இல்லாமல் உங்கள் லாஜிக் ஓடுமா?

"யூஐ தனி, லாஜிக் தனி", அதாவது திரை தனி, முடிவெடுக்கும் விதிகள் தனி, என்று எல்லா டீமும் சொல்கிறது. ஃபோல்டரைத் திறந்தால் எச்டிஎம்எல் ஒரு ஃபைல், சிஎஸ்எஸ் ஒரு ஃபைல், ஜாவாஸ்கிரிப்ட் ஒரு ஃபைல். புதிய ப்ராஜெக்ட் என்றால் காம்பொனென்ட்ஸ், சர்வீசஸ், யூட்டில்ஸ் என்று மூன்று ஃபோல்டர். இது அடுக்கி வைத்தல்தான், பிரித்தல் இல்லை. அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் போய்ப் பார்த்தால், பட்டனைத் தேடிப் பிடிக்கிற வரிக்கு அடுத்த வரியிலேயே தொழில் விதி (எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்பது) இருக்கும், அதற்கடுத்த வரியில் எரர் மெசேஜுக்குச் சிவப்பு நிறம் பூசிக்கொண்டிருப்பார்கள்.

பிரிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனை போதும் என்பது என் கருத்து. விதிகள் இருக்கிற ஃபைலை மட்டும் எடுத்து டெர்மினலில் நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) வைத்து ஓட்டுங்கள். பிரவுசர் மட்டுமே தரும் 'டாக்குமெண்ட்' என்றால் என்னவென்று தெரியாது என எரர் வந்து விழுந்தால், நீங்கள் இன்னும் பிரிக்கவில்லை.

மீட்டிங் அறை புக் செய்யும் ஒரு திரையை எடுத்துக்கொள்வோம். தொடக்க நேரம், முடிவு நேரம், 'பதிவு செய்' பட்டன், கீழே அன்றைய பதிவுகள் ஒரு டேபிளில். பட்டனை அழுத்தியதும் ஓடும் கோட், அதாவது வழக்கமாக எழுதப்படும் கிளிக் ஹேண்ட்லர், என்ன செய்கிறது? இரண்டு பெட்டிகளிலிருந்தும் நேரத்தை எடுக்கும். டேபிளின் ஒவ்வொரு வரிசையிலும் எழுதியிருக்கும் நேரத்தைப் படித்து, புது நேரத்தோடு மோதுகிறதா என்று பார்க்கும். மோதினால் சிவப்பு, இல்லையென்றால் சர்வருக்கு அனுப்பும். டெமோவில் அழகாக ஓடும்.

பிறகு நடப்பதைப் பாருங்கள். டேபிளில் "9:30" என்று இருக்கிறது, நேரம் கேட்கும் இன்புட் பெட்டி "10:00" தருகிறது. இரண்டும் எழுத்துச் சரங்கள். எழுத்தாக ஒப்பிட்டால் 9 என்ற எழுத்து 1-ஐவிடப் பெரியது, ஆகவே ஒன்பதரை மணி பத்து மணிக்குப் பிறகு வருவதாகக் கணக்காகும். டிசைனர் டேபிளை 12 மணி நேர வடிவத்துக்கு மாற்றினால், பகல் ஒரு மணி காலை ஒரு மணியாகிவிடும். எல்லாவற்றிலும் மோசமானது, பதிவுகள் கூடிப்போய் ஒரு பக்கத்துக்கு 20 வரிசை என்று பேஜினேஷன் வைப்பது. 21-ஆவது பதிவோடு மோதும் நேரத்தை இந்த கோட் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கும். விதியை யாரும் தொடவில்லை. திரையை மட்டும்தான் மாற்றினார்கள், ஆனால் உடைந்தது விதி.

திரையிலிருந்து தகவலைத் திரும்பப் படிப்பதுதான் இதற்கெல்லாம் வேர். பயனர் இப்போது தட்டியதையும் சொடுக்கியதையும் மட்டுமே திரையிடமிருந்து வாங்க வேண்டும். ஏற்கெனவே நமக்குத் தெரிந்த எதையும் அதனிடம் கேட்கக் கூடாது. பதிவுகளின் பட்டியல் மெமரியில் ஒரு சாதாரண அரேவாக இருக்கட்டும், டேபிள் அதன் நிழலாக இருக்கட்டும்.

அப்படிச் செய்துவிட்டால் விதி மிகவும் சிறியதாகிவிடும். ஒரு ஃபங்ஷன்: உள்ளே இருக்கும் பதிவுகள், புதுக் கோரிக்கை, இப்போதைய நேரம் ஆகிய மூன்றும் போகின்றன, முடிவு வெளியே வருகிறது. நேரமெல்லாம் எண்கள். முதல் பதிவின் தொடக்கம் இரண்டாவதன் முடிவுக்கு முன்பாகவும், இரண்டாவதன் தொடக்கம் முதலாவதன் முடிவுக்கு முன்பாகவும் இருந்தால் மோதல். இரண்டு இடத்திலும் 'சிறியது' மட்டும்தான், 'சிறியது அல்லது சமம்' கூடாது. சமத்தைச் சேர்த்துவிட்டால் 10 முதல் 11 வரை ஒரு கூட்டமும் 11 முதல் 12 வரை இன்னொன்றும் அடுத்தடுத்து வைக்க முடியாமல் போய்விடும்.

இப்போதைய நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "30 நிமிடத்துக்கு முன்பு வரைதான் ரத்து செய்யலாம்" என்ற விதிக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த ஃபங்ஷனே கடிகாரத்தைப் பார்த்தால், 29-ஆவது நிமிடத்தையும் 31-ஆவது நிமிடத்தையும் சோதிக்கவே முடியாது. நேரத்தை ஒரு எண்ணாகக் கொடுத்தால் இரண்டும் ஒரே நொடியில் முடியும். ரேண்டம் எண்ணுக்கும் இதே நியாயம்.

விதி ஃபங்ஷன் ஒருபோதும் வாக்கியத்தைத் திருப்பித் தரக் கூடாது. "மன்னிக்கவும், இந்த நேரம் ஏற்கெனவே..." என்று அது சொல்ல ஆரம்பித்தால், சொற்களை மாற்றும்போதெல்லாம் டெஸ்ட் உடையும், இரண்டாவது மொழி சேர்க்கும்போது விதிக்குள் கை வைக்க வேண்டிவரும். 'மோதல்' என்று ஒரு குறியீடு, எந்தப் பதிவோடு என்று ஒரு ஐடி, அவ்வளவு போதும். அதை வாக்கியமாக்குவதும் சிவப்பாக்குவதும் அந்த வரிசைக்கு ஸ்க்ரோல் செய்து காட்டுவதும் திரையின் உரிமை. 'ரத்து செய்' பட்டனும் அப்படியே. ரத்து செய்யலாமா கூடாதா, ஏன் என்பதை விதி சொல்லட்டும். பட்டனை மங்கலாக்குவதா மறைப்பதா என்பதைத் திரை முடிவு செய்யட்டும்.

எழுத்தை எண்ணாக மாற்றும் வேலை எங்கே? திரைக்கும் விதிக்கும் இடையிலான எல்லையில், ஒரே ஒரு முறை. இதைக் கவனிக்காமல் விடுவதால் வரும் பிழைகள் ஏராளம். இன்புட் பெட்டி தருவது எப்போதும் எழுத்து, ஆகவே "10" உடன் "5" கூட்டினால் "105". காலிப் பெட்டியை நம்பர் ஃபங்ஷனில் போட்டால் எரர் வராது, 0 வரும். "1,250" என்பதை, எழுத்திலிருந்து முழு எண்ணை எடுக்கும் பார்ஸ்இன்ட்டில் போட்டால் 1 வரும். தேதி இன்னும் ஆபத்து. "2024-03-10" என்று தேதியை மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். யூடிசிக்குப் பின்தங்கிய நேர மண்டலத்தில் இருப்பவருக்கு அது 9-ஆம் தேதியாகத் தெரியும். அதே தேதியோடு மணியையும் சேர்த்து, மண்டலம் குறிப்பிடாமல் கொடுத்தால், உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். இந்தக் குழப்பமெல்லாம் வாசலிலேயே தீர்ந்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் விதிக்கு எழுத்துச் சரம் என்ற ஒன்றே தெரியக் கூடாது.

விதி என்றால் கணக்கு மட்டுமே என்று நினைத்து, திரையின் நிலைகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லோடிங், எரர், முடிந்தது என்று மூன்று பூலியன் (ஆம் அல்லது இல்லை என்ற மதிப்பு) வைத்தால் 8 சேர்க்கைகள் உண்டாகும். உண்மையில் தேவைப்படுவது நான்கு: சும்மா இருக்கிறது, அனுப்புகிறது, முடிந்தது, தவறிவிட்டது. மீதி நான்கும் பிழைகள் குடியிருக்கும் வீடுகள். எரரும் சுழலும் வட்டமும் சேர்ந்தே திரையில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நான்கில் ஒன்றைச் சொல்லும் ஒரே ஒரு மதிப்பை வையுங்கள். பழைய நிலையையும் நடந்த நிகழ்வையும் வாங்கி, புதிய நிலையைத் தரும் ஃபங்ஷன் எழுதுங்கள். 'அனுப்புகிறது' நிலையில் இன்னொரு 'பதிவு செய்' வந்தால் அந்த ஃபங்ஷன் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். பட்டனை டிசேபிள் செய்வது பயனருக்குச் சொல்லும் சைகைதான், இரட்டைப் பதிவைத் தடுக்கும் பூட்டு இந்த ஃபங்ஷனில் இருக்க வேண்டும்.

சர்வரின் பதில்கள் வரிசை மாறி வருவதையும் இங்கேதான் பிடிக்க முடியும். பயனர் 11-ஆம் தேதியைச் சொடுக்கி, உடனே 12-க்கு மாறுகிறார். 12-இன் பதில் முதலில் வருகிறது, 11-இன் பதில் தாமதமாக வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. தலைப்பில் 12, பட்டியலில் 11. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து, கடைசி எண்ணை நிலையில் வைத்து, பதில் வரும்போது ஒப்பிட்டால் தீர்ந்தது. அபார்ட் கண்ட்ரோலர் வைத்துப் பழைய கோரிக்கையை நிறுத்துவது நெட்வொர்க்கை மிச்சப்படுத்தும், செய்யுங்கள். ஆனாலும் ஒப்பீட்டை விடாதீர்கள்.

இனி ஃப்ரேம்வொர்க் பேச்சு. திரையையும் தரவையும் பிரிக்கும் எண்ணம் புதிதல்ல. டிரிக்வே ரீன்ஸ்காக் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் எம்விசி (மாடல், வியூ, கண்ட்ரோலர்) வடிவத்தை எழுதியது 1979-இல். திரை கட்டும் லைப்ரரியான ரியாக்ட் 2013-இல் வந்தபோது, எச்டிஎம்எல் போன்ற மார்க்கப்பை ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுதுவதைப் பார்த்துப் பலர் அதிர்ந்தார்கள். அந்தக் கோபம் தவறான இடத்தில் விழுந்தது. மார்க்கப்பும் அதைத் திரையில் காட்டும் ஜாவாஸ்கிரிப்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒரே ஃபைலில் இருப்பதில் குற்றமில்லை. அறை மோதல் விதி அந்த காம்பொனென்டுக்குள் இருந்தால்தான் குற்றம்.

2019-இல் ரியாக்டில் ஹுக்ஸ் (காம்பொனென்டுக்கு நிலை போன்றவற்றைத் தரும் ஃபங்ஷன்கள்) வந்த பிறகு இன்னொரு மயக்கம் பரவியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு கஸ்டம் ஹுக்குக்குள் தள்ளிவிட்டு, "லாஜிக்கைப் பிரித்துவிட்டோம்" என்கிறார்கள். அந்த ஹுக்குக்குள் ரியாக்டின் யூஸ்ஸ்டேட்டும் யூஸ்எஃபெக்டும் இருக்கின்றன, ரியாக்ட் இல்லாமல் அது ஒரு அடி நகராது. இடம் மாறியிருக்கிறது, பிரியவில்லை. ஹுக் இருக்கட்டும், ஆனால் அது விதி ஃபங்ஷனைக் கூப்பிடும் மெல்லிய ஒட்டாக மட்டும் இருக்கட்டும்.

இந்த எல்லையை மனிதக் கட்டுப்பாட்டை நம்பி விட்டால் மூன்று மாதம்கூடத் தாங்காது என்பேன். மெஷினிடம் ஒப்படையுங்கள். டைப்ஸ்கிரிப்ட் (வகைகளைச் சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட்) என்றால், விதி ஃபோல்டருக்குத் தனி கான்ஃபிக் வைத்து, 'லிப்' பட்டியலிலிருந்து டாமை (பிரவுசர் தரும் பெயர்களை) எடுத்துவிடுங்கள், 'டைப்ஸ்' பட்டியலைக் காலியாக விடுங்கள். அதன் பிறகு யாராவது டாக்குமெண்ட், விண்டோ, லோக்கல்ஸ்டோரேஜ், ஃபெட்ச் எதைத் தொட்டாலும் கம்பைலரே தடுக்கும். இப்போதைய நேரம் தரும் டேட் நவ், ரேண்டம் எண் தரும் மேத் ரேண்டம் இரண்டும் மொழியின் பகுதி என்பதால் இதில் சிக்காது. அவற்றுக்கு, கோட் எழுதும் முறையைச் சோதிக்கும் ஈஎஸ்லின்ட்டில் தடை விதி போட வேண்டும். விதி ஃபோல்டர் ரியாக்டை இம்போர்ட் செய்யக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம்.

பிரவுசரைத் தொடாத ஃபைல் சர்வரிலும் அப்படியே ஓடும், இதுதான் பெரிய லாபம். ஓட்டித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பிரவுசரில் நடக்கும் சோதனை பயனருக்கு உடனடியாகப் பதில் சொல்வதற்கு மட்டுமே. அதைத் தாண்டி யாரும் நேராக ஏபிஐயை, அதாவது கோரிக்கை வாங்கும் சர்வரின் வாசலை, தட்டலாம். இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால் இருவருக்கும் சர்வர் ஃபங்ஷன்கூட "சரி" என்று சொல்லிவிடலாம். கடைசிப் பூட்டு டேட்டாபேஸில் இருக்க வேண்டும். அந்த டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால், அதே அறையில் மோதும் நேர இடைவெளிகளை மறுக்கும் எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெய்ண்ட் இதற்கென்றே இருக்கிறது. அங்கிருந்து வரும் மறுப்பையும் அதே 'மோதல்' குறியீடாக மாற்றி அனுப்பினால், திரைக்குப் புதிதாக எதுவும் கற்பிக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கம் சாய்ந்து விழுபவர்களும் உண்டு. மூன்று திரை உள்ள அப்ளிகேஷனுக்கு ரெபாசிட்டரி, சர்வீஸ், மேனேஜர், ஃபசாட் என்று அடுக்குமேல் அடுக்கு கட்டி, ஒரு பெட்டி சேர்க்க ஏழு ஃபைலைத் திறக்க வைப்பார்கள். தேவையே இல்லை. டிராப்டவுன் திறந்திருக்கிறதா, எந்த டேப் தெரிகிறது, ஸ்க்ரோல் எங்கே நிற்கிறது, இவையெல்லாம் திரையின் சொந்த விவகாரம், காம்பொனென்டுக்குள்ளேயே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் இப்படிக் கேளுங்கள்: இதே வேலையை நாளைக்கு கமாண்ட் லைனில் செய்ய வேண்டியிருந்தால் இந்த விதி வேண்டுமா? வேண்டும் என்றால் உள்ளே, வேண்டாம் என்றால் திரையில்.

பழைய கோட்-ஐ மாற்றுகிறவர்கள் தயவுசெய்து முழுவதையும் திருப்பி எழுத உட்காராதீர்கள். கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றில் அடிக்கடி திருத்தப்பட்ட ஹேண்ட்லர் ஒன்றை எடுங்கள். திரையிலிருந்து படிக்கிற வரிகளை எல்லாம் மேலே ஏற்றுங்கள், திரையில் எழுதுகிற வரிகளையும் சர்வருக்கு அனுப்புகிற வரிகளையும் கீழே இறக்குங்கள். நடத்தை மாறவில்லையென்று பார்த்து கமிட் செய்யுங்கள். நடுவில் மிஞ்சி நிற்பதுதான் விதி. அதை ஃபங்ஷனாக வெட்டித் தனி ஃபைலில் வைத்து, நோடோடு வரும் டெஸ்ட் ரன்னரில் ஓட்டுங்கள், வேறெதுவும் நிறுவ வேண்டாம். முதல் டெஸ்டாக 10 முதல் 11, 11 முதல் 12 என்ற ஜோடியை எழுதுங்கள். பாதிப் பேருடைய கோட்-இல் அது அங்கேயே விழும்.