அரிசி டின்னும் ஜிபே எண்ணும்

காலையில் வாட்ஸ்அப்பில் இன்னொரு படம். ஐசியு கட்டிலில் ஒரு பையன், கீழே ஜிபே எண். ஐந்நூறு ரூபாய் அனுப்பினேன். அனுப்பியதும் பாட்டியின் ஹார்லிக்ஸ் டின் ஞாபகம் வந்தது.

உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளி அந்த டின்னில் போடுவாள். வீட்டில் கஞ்சிக்கே தட்டுப்பாடான நாளிலும் போடுவாள் (தாத்தா முணுமுணுப்பார், அது வேறு கதை). மாதக் கடைசியில் சர்ச் சபைப் பெண்கள் வந்து எடுத்துப் போவார்கள். பிடியரிசி விற்ற காசில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்கு. அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகையில் வாழைக்குலையை ஏலம் எடுத்தவர், அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார். ஒரே குலை நாலு தடவை விலைபோகும்.

கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி என்றால் நாம் வெள்ளைக்கார டாக்டர்களின் கதையைத்தான் சொல்வோம். 1838இல் டாக்டர் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து வந்த ஆங்கிலேய டாக்டர் சாமர்வெல், காத்துக்கிடந்த கூட்டத்தையும் தனியாகத் திணறிய சர்ஜனையும் பார்த்து இங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தது. 1924இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறியவர். பெருமைதான், எனக்கும். ஆனால் பாட்டியைப் போல டின் வைத்திருந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அந்த டின்னில் எனக்குப் பிடித்தது, யாருக்கு நோய் என்று தெரியும் முன்பே அது நிறைந்துகொண்டிருந்ததுதான். நாம் பில் வந்த பிறகு ஓடுகிறோம். படம் உருக்கமாக இருந்தால் பணம் சேரும். படம் எடுக்கத் தெரியாத வீட்டுக்கு?

பணம் மட்டும் போதாது என்பதையும் போன வருடம் பார்த்தேன். ஒரு ஆஸ்பத்திரியில் அப்பாவை வீல்சேரில் வைத்து ஸ்கேன் அறையைத் தேடி அரைமணி நேரம் அலைந்தேன். கடைசியில் வழி காட்டியவர் இன்னொரு நோயாளிக்குத் துணையாக இருபது நாளாக அங்கே கிடப்பவர். ராத்திரி இரண்டு மணிக்கும் ரத்தம் கொடுக்க ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு பைக்கில் பறக்கிற பையன்கள் நம்மிடம் உண்டு. வாரத்தில் இரண்டு மணி நேரம் வாசலில் நின்று வழி சொல்லத்தான் ஆள் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி என்று எங்கள் தெரு குரூப்பில் எழுதினேன்: 212 பேர், மாதம் ஆளுக்கு இருபது ரூபாய், 4,240 ஆகும். மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒரு அண்ணன் கேட்டார், “கணக்கை யாரு பாக்கது?”

நியாயமான கேள்வி. பாட்டி காலத்தில் பிடியரிசிக் கணக்கைச் சபைக் கோயிலில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். சாயங்காலம் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். முதல் வரியில் என் இருபது ரூபாய்.