கரடிக்குத் திறக்காத டப்பா

(கலிஃபோர்னியா, ஃப்ரீமாண்ட். சனிக்கிழமை காலை. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. டென்ட், ஸ்லீப்பிங் பேக், கயிறு, குட்டி அடுப்பு, நடுவில் சமையலறைத் தராசு. கோவையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆன மாமா காபி டம்ளரோடு வந்து, நிற்க இடம் தேடுகிறார்.)

மாமா: ஏனுங்க மாப்பிள்ளை, வீடு மாறுகிறோமா?

மாப்பிள்ளை: இல்லைங்க மாமா, யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குத்தான், மலை ஏற. ஒவ்வொன்றாக எடை போடுகிறேன். முதுகில் 12 கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது.

மாமா: எத்தனை நாள்?

மாப்பிள்ளை: இரண்டு ராத்திரி.

மாமா: (குனிந்து ஒன்றை எடுத்து) இந்த பிரஷ் பாவம், எப்படி உடைந்தது?

மாப்பிள்ளை: உடையவில்லைங்க. நான்தான் காம்பை அறுத்தேன். ஐந்து கிராம் மிச்சம்.

மாமா: உங்கள் அத்தை மூன்று வாரமாக நெய் ஊற்றிப் பரிமாறினாளே, அதை எந்தத் தராசில் போட்டீர்கள்?

மாப்பிள்ளை: அதை விடுங்க. பாதையைச் சொல்கிறேன், கேளுங்க. ஹேப்பி ஐல்ஸ் என்ற இடத்தில் ஏற ஆரம்பிக்கிறோம். முதலில் வெர்னல் அருவி, 317 அடி. அதை ஒட்டியே 600 கல்படிக்கு மேல். சாரல் அடித்துத் தொப்பலாக நனைத்துவிடும். அப்புறம் நெவாடா அருவி, 594 அடி. அதையும் தாண்டினால் லிட்டில் யோசெமிட்டி வேலி, அங்கேதான் முதல் ராத்திரி. சுமார் 7 கிலோமீட்டர், 2000 அடி ஏற்றம். உங்களால் முடியுமாங்க?

மாமா: யாரைப் பார்த்து? வெள்ளியங்கிரி ஏழு மலையும் பதினோரு தடவை ஏறியவன் நான். செருப்புக் கிடையாது. கையில் மூங்கில் தடி, தோளில் துண்டு, துண்டில் கட்டுச்சோறு. ராத்திரி அடிவாரத்துப் பூண்டியில் கிளம்பினால் விடியும்போது ஈசன் முன்னால் நிற்போம். நீங்கள் இதுவரை எத்தனை மலை ஏறியிருக்கிறீர்கள்?

மாப்பிள்ளை: வீடியோ நிறையப் பார்த்திருக்கிறேன். அதை விட முக்கியம், அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறேன்.

மாமா: மலை ஏறுவதற்கா?

மாப்பிள்ளை: ராத்திரி தங்குவதற்கு. ஒரு பாதையில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. அதில் 60 சதவீதத்தை 24 வாரத்துக்கு முன்னாலேயே குலுக்கலில் கொடுத்துவிடுவார்கள். எனக்கு விழவில்லை. மிச்சம் 40 சதவீதம் ஒரு வாரத்துக்கு முன்னால், காலை ஏழு மணிக்கு இணையத்தில் திறக்கும். இன்றைக்கு அடித்துப் பிடித்து வாங்கிவிட்டேன்.

மாமா: அதற்குத்தான் காலையில் "கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது" என்று குதித்தீர்களா? உங்கள் அத்தை கிரீன் கார்டு என்று நினைத்துச் சாமிக்கு விளக்கேற்றிவிட்டாள்.

மாப்பிள்ளை: (சற்று நேரம் பேசவில்லை) அணைக்க வேண்டாம்ங்க. எரியட்டும்.

மாமா: சரி, இது என்ன, கறுப்பாக, ஊறுகாய் ஜாடி மாதிரி?

மாப்பிள்ளை: கரடி டப்பா. சாப்பாடு முழுக்க இதற்குள்தான் இருக்க வேண்டும். கரடி உருட்டும், கடிக்கும், மேலே ஏறி மிதிக்கும். ஆனால் திறக்க முடியாது. மூடியில் இரண்டு திருகு இருக்கிறது பாருங்க, காசை நுழைத்துத் திருப்பினால்தான் திறக்கும். இதுவே ஒன்றேகால் கிலோ.

மாமா: பிரஷ்ஷைக் கொன்ற ஐந்து கிராம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. ஏனுங்க, மூட்டை கட்டி மரத்தில் தொங்கவிட்டால் ஆகாதா?

மாப்பிள்ளை: யோசெமிட்டியில் அது சட்டப்படி தப்பு. அந்தக் கரடிகள் கிளையை ஒடிக்கும், கயிற்றைக் கடிக்கும், தனக்கு எட்டாவிட்டால் குட்டியை மேலே ஏற்றிவிடும்.

மாமா: கெட்டிக்காரக் குடும்பம். அதனால்தான் இந்த மாநிலத்துக் கொடியிலேயே கரடியைப் போட்டிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை: அது கிரிஸ்லி, வேறு கரடிங்க. சுட்டுச் சுட்டே கலிஃபோர்னியாவில் ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட்டார்கள், கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது. இப்போது யோசெமிட்டியில் இருப்பது கருங்கரடி.

மாமா: நம் ஊர் மாதிரியேதான். போன பிறகுதான் பெரிய போஸ்டர்.

மாப்பிள்ளை: இன்னொன்றுங்க. சாப்பாடு மட்டும் இல்லை, வாசனை வருகிற எதுவும் டென்டுக்குள் இருக்கக்கூடாது. பற்பசை, சோப்பு எல்லாமே டப்பாவுக்குள்.

மாமா: அமிர்தாஞ்சன்?

மாப்பிள்ளை: முதலில் போக வேண்டியதே அதுதான்.

மாமா: அப்படியானால் நான் எங்கே படுப்பது? நாற்பது வருடமாகப் பூசுகிறேன். குளித்தாலும் போகாது.

மாப்பிள்ளை: (தராசைப் பார்த்து, மாமாவைப் பார்த்து) நீங்கள் டப்பாவுக்குள் அடங்கமாட்டீர்கள்.

மாமா: உங்கள் அத்தைக்கும் அந்தப் பயம்தான். நாம் கரடி வாயில் விழாமல் வர வேண்டும் என்று மருதமலை முருகனுக்கு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்திருக்கிறாள். சரி, தண்ணீருக்கு என்ன வழி?

மாப்பிள்ளை: ஆற்றுத் தண்ணீர்தான். ஆனால் அப்படியே குடிக்கக்கூடாது. ஜியார்டியா என்று ஒரு கிருமி, வயிற்றைக் கலக்கிவிடும். வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் கொதிக்க வைக்க வேண்டும்.

மாமா: வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனை என்று ஒன்று இருக்கிறது. கையைத் தட்டி, அள்ளிக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அது கிடக்கட்டும், வயிறு கலக்காமலே காலையில் ஒரு வேலை இருக்குமே, அதற்கு?

மாப்பிள்ளை: முதல் நாள் தங்கும் இடத்தில் கழிப்பறை இருக்கிறது. இரண்டாம் நாள் காட்டுக்குள் போகிறோம். அங்கே தண்ணீரையும் பாதையையும் விட்டு 100 அடியாவது தள்ளிப் போய், ஆறு அங்குலம் ஆழத்துக்குக் குழி தோண்டி, மூடிவிட வேண்டும். இதோ, அதற்கான மண்வெட்டி. 17 கிராம்தான்!

மாமா: (இரண்டு விரலில் தூக்கிப் பார்த்து) பாயசம் குடிக்கலாம்.

மாப்பிள்ளை: ஆனால் காகிதத்தைப் புதைக்கக்கூடாது. ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மாமா: எங்கே கொண்டுவர?

மாப்பிள்ளை: கூடவேங்க. முதுகுப் பையில்.

மாமா: மாப்பிள்ளை, நீங்கள் என்ன சம்பளம் வாங்குகிறீர்கள் என்று நான் இதுவரை கேட்டதில்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு தூரம் வந்து, இதையா முதுகில் சுமக்கிறீர்கள்? எனக்கு ஒரு சொம்பு போதும்.

மாப்பிள்ளை: சொம்பு எத்தனை கிராம்...? (சொம்பைத் தராசில் வைக்கிறார். காகிதச் சுருளை வைக்கிறார். மறுபடி சொம்பை வைக்கிறார். காகிதச் சுருளை மெதுவாகச் சோபாவுக்குக் கீழே தள்ளுகிறார்.) சரிங்க. சொம்பே வரட்டும்.

மாமா: அப்படி வாருங்கள் வழிக்கு. பேச்சில் மறந்துவிட்டேன், அந்த டப்பாவில் நிலக்கடலை, கச்சாயம், புளிக்காய்ச்சல் எல்லாம் நேற்று ராத்திரியே போட்டு மூடிவிட்டேன். எடை பார்க்கிறீர்களா?

மாப்பிள்ளை: அத்தனையும் ஒரே டப்பாவிலா? திறங்க, பார்க்கலாம். ஒரு காசு கொடுங்க.

மாமா: நானா? டாலர் சம்பாதிப்பவர் நீங்கள்.

மாப்பிள்ளை: (பர்ஸைக் கவிழ்க்கிறார். ஏழு கார்டு விழுகின்றன. சோபா இடுக்கில் துழாவுகிறார். காருக்கு ஓடிப் போய்த் திரும்பி வருகிறார்.) இந்த வீட்டில் ஒரு சில்லறைக் காசு இல்லைங்க. கத்தி வைத்திருந்தேன், 80 கிராம் என்று காலையில்தான் நண்பனிடம் கொடுத்தனுப்பினேன். அது சரி, நேற்று நீங்கள் எதை வைத்து மூடினீர்கள்?

மாமா: (சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுக்கிறார். முடிச்சு அவிழ்ந்திருக்கிறது.) அளவெடுத்த மாதிரி உட்காருகிறது மாப்பிள்ளை. பாருங்கள்.

(இரண்டு திருகும் திரும்புகின்றன. மூடி திறக்கிறது. கடலை வாசம்.)

அத்தையின் குரல்: ஏனுங்க, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தேனே, பார்த்தீர்களா?

(மாமா காசைச் சட்டென்று டப்பாவுக்குள் போட்டு மூடியை அழுத்துகிறார். உள்ளே காசு உருள்கிறது.)

அத்தையின் குரல்: அது என்ன சத்தம்?

மாமா: ஒன்றுமில்லை! கரடி எப்படி உருட்டும் என்று மாப்பிள்ளை செய்து காட்டுகிறார்!