என் கெடிலத்தின் 4,100 எங்கே?

நாலாயிரத்து நூறு. என் கெடிலம் ஒருமுறை கையை உயர்த்தினால், அடிபட்டுச் சரிந்த தோழனுக்கு அத்தனை உயிர்ப்புள்ளிகள் திரும்பும். போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் பார்த்தால் அது மூவாயிரத்து இருநூறாகச் சுருங்கிக் கிடக்கிறது. நான் தவறாக ஆடவில்லை. எந்தப் போரிலும் எதையும் பறிகொடுக்கவில்லை. தூங்கி எழுந்து பார்த்தால் வீட்டு அரிசி மூட்டையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணவில்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

கெடிலம் எங்கள் ஆறு. கடலூரில் திருப்பாதிரிப்புலியூருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவே ஓடுகிற ஆறு. இணையத்தில் பலர் சேர்ந்து வேடமேற்று ஆடும் ஓர் ஆட்டத்தில், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு என் வைத்தியச்சிக்கு அந்தப் பெயரைச் சூட்டினேன். எங்கள் குழுவில் ஐந்து பேர். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் சித்தி மகன், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட பள்ளித் தோழி, நெய்வேலியில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், திருப்பாதிரிப்புலியூரில் செல்பேசிக் கடையில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையன், பிறகு நான். இரவு ஒன்பதரைக்குச் சேர்வோம். வாரம் ஒருமுறை பெரிய போர். முன்னால் நின்று அடி வாங்குவது நெய்வேலி அண்ணன். அவர் சாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்த வியாழக்கிழமை அறிவிப்பில் இருந்தது ஒரே ஒரு வரி. ஆட்டத்தின் சமநிலைக்காகச் சில கதாபாத்திரங்களின் ஆற்றல் திருத்தப்பட்டிருக்கிறதாம். இப்படி ஆற்றலைக் குறைப்பதற்கு ஆடுகிறவர்கள் நெர்ஃப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெர்ஃப் செய்வதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கதாபாத்திரத்தின் கை மிகவும் ஓங்கிவிட்டால் மற்றவர்களுக்கு ஆட்டத்தில் வேலையே இல்லாமல் போகும். அப்போது குறைக்கத்தான் வேண்டும். கெடிலத்துக்கும் அப்படித்தான் ஆகியிருக்குமோ என்று ஐந்து நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை விடை வந்தது. புதிய வைத்தியச்சி. பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும். 21 நாள் மட்டும். ஒருமுறை கை உயர்த்தினால் 4,300 புள்ளிகள்.

எங்கே போனது உங்கள் சமநிலை? வியாழக்கிழமை 4,100 அதிகம் என்றால் செவ்வாய்க்கிழமை 4,300 எப்படி நியாயமாகும்? பதில் எனக்குத் தெரியும். என்னிடம் 4,100 இருந்திருந்தால் வெறும் இருநூறு புள்ளிக்காக எவரும் முடிச்சை அவிழ்த்திருக்க மாட்டார்கள். விற்க வேண்டுமானால் நடுவில் ஒரு பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளத்தை என் காலடியில் வெட்டினார்கள். என்னிடமிருந்து எடுத்ததற்குப் புதுச் சட்டை போட்டு என்னிடமே விலை பேசுகிறார்கள்.

விலையையும் சொல்கிறேன். நேராக வாங்க முடியாது. 799 ரூபாய் கட்டினால் பத்து முறை குலுக்கலாம். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. எண்பதாவது குலுக்கலில் கட்டாயம் கிடைக்கும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. எட்டு முறை 799 என்றால் 6,392 ரூபாய். காலை ஆறரைக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், வெறும் வயிற்றோடு வந்து காத்திருக்கிறவர்களின் நரம்பைத் தேடி ஊசி குத்துகிறேன். எனக்கு மாதச் சம்பளம் 13,000. ஏறக்குறைய பாதி மாத உழைப்பைக் கொடுத்தால், போன மாதம் வரை என் கையில் இருந்தது மறுபடி என் கைக்கு வரும்!

பணம் வாங்காமல் ஆட்டத்தை நடத்து என்று யாரும் கேட்கவில்லை. சர்வர் ஓட வேண்டும், படம் வரைகிறவர்களுக்கும் நிரல் எழுதுகிறவர்களுக்கும் சம்பளம் போக வேண்டும். நானே 149 ரூபாய் கொடுத்துக் கெடிலத்துக்கு ஒரு நீலப் போர்வை வாங்கியிருக்கிறேன். அதை வாங்கிய அன்று எவருடைய வாளும் மழுங்கவில்லை. 2006-இல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் ஆப்ளிவியன் ஆட்டத்தில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. இன்று அந்தக் குதிரைக் கவசத்தை நினைத்தால் எவ்வளவு யோக்கியமான வியாபாரம் என்று தோன்றுகிறது. தன்னந்தனியாக ஆடும் ஆட்டம் அது. வாங்காதவனின் குதிரை நொண்டவில்லை. நியூசிலாந்துக்காரர்கள் 2013-இல் வெளியிட்ட பாத் ஆஃப் எக்ஸைல் இலவச ஆட்டம்தான். அவர்கள் விற்பது உடையும் ஒப்பனையும், பொருள்களை அடுக்கி வைக்கக் கூடுதல் பெட்டிகளும். அதை வைத்தே இத்தனை ஆண்டுகளாக நடத்துகிறார்கள். ஆகவே வேறு வழியில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

கோயிலில்கூடக் கட்டண வரிசை இருக்கிறதே என்று சித்தி மகன் கேட்டான். இருக்கிறது. எனக்கு அதுவும் பிடிக்காது. ஆனால் திருவந்திபுரத்தில் கட்டணம் கொடுத்துச் சீக்கிரம் உள்ளே போகிறவருக்கும், தர்ம தரிசனத்தில் இரண்டு மணி நேரம் நின்று போகிறவருக்கும் காட்சி தருவது ஒரே தேவநாதசுவாமி. கட்டணம் கட்டாதவர் வரும்போது திரையைப் பாதி இழுத்து மூடுவதில்லை. இவர்கள் செய்வது அதைத்தான்.

என் தாத்தா பண்ருட்டிப் பக்கத்தில் கூத்தில் வேடம் கட்டியவர். பொழுது சாய அரிதாரம் பூச உட்கார்ந்தால் கிரீடம் ஏறுவதற்குள் ஊர் சாப்பிட்டு முடித்துப் பாயோடு வந்துவிடும். துரியோதனன் வேடக்காரருக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் பணம் குத்தினால், ஆட்டத்தை நிறுத்திக் கட்டியங்காரன் அவர் பெயரைச் சபையில் உரக்கச் சொல்லுவான். கைதட்டு விழும். அத்தோடு சரி. துரியோதனனுக்கு நூறு ரூபாய் வந்துவிட்டது என்பதற்காகப் பீமன் கையிலிருக்கும் கதாயுதத்தைப் பாதியாக அறுக்க மாட்டார்கள். வேடம் என்றால் அதற்கொரு தர்மம் உண்டு. ஏறிய வேடத்தின் பலம், அதைக் கட்டியவன் எத்தனை வருடம் குரல் கிழியப் பாடினான் என்பதில் இருக்கிறது.

கெடிலமும் நான் கட்டிய வேடம்தான். முதல் ஆறு மாதம் யாரும் என்னைக் குழுவில் சேர்க்கவில்லை. வைத்தியம் செய்கிறவள் எல்லோருடைய உயிரையும் ஒரே நேரத்தில் கண்ணில் வைத்திருக்க வேண்டும். எதிரி எப்போது ஓங்குவான், எந்த அடியைத் தாங்கலாம், எதைத் தாங்க முடியாது, மந்திரம் தீர்வதற்குள் இன்னும் எத்தனை முறை கை உயர்த்தலாம் என்று மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பகலில் ஊசி போட்டுவிட்டு இரவில் இந்தக் கணக்கைக் கற்றேன். நெய்வேலி அண்ணன் ஒருமுறை, “நீ பின்னால் நிற்கிறாய் என்றால் நான் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை, தங்கச்சி” என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ்களில் அது ஒன்று. அந்த நம்பிக்கையிலிருந்துதான் 900 புள்ளிகளை உருவியிருக்கிறார்கள்.

இதோடு நிற்கவில்லை. கதையையும் பூட்டிவிட்டார்கள். கெடிலத்தின் குரு ஓர் இரவில் ஆசிரமத்தை விட்டுக் காணாமல் போனாள் என்பது முதல் ஆண்டிலேயே வரும் செய்தி. ஏன் போனாள், எங்கே போனாள் என்று நான்கு ஆண்டுகளாக ஆங்காங்கே ஓலை, கிழிந்த துணி, ஒரு கிழவியின் பேச்சு என்று துப்பு வைத்துக்கொண்டே வந்தார்கள். நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது குருவின் கதை வெளிவந்துவிட்டது. புதிய வைத்தியச்சியை வாங்கியவர்களுக்கு மட்டும் திறக்கும் அத்தியாயமாக. 21 நாள் கழித்துப் பணம் கொடுத்தாலும் கிடைக்காதாம். என் வேடத்தின் பிறப்புக் கதையை நான் இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இந்த நாள் கணக்கின் கொடுமையை நான் முன்பே ஒருமுறை பட்டிருக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பிறகு சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. செல்பேசியில் மிச்சமிருந்த சார்ஜை அம்மாவின் மாத்திரைக்கும், மாமா வீட்டார் மேட்டுக்குப் போய்விட்டார்களா என்று கேட்பதற்கும் வைத்திருந்தோம். அப்போது ஆட்டத்தில் முப்பது நாள் விடாமல் வந்தால் ஓர் ஆயுதம் என்று அறிவித்திருந்தார்கள். நான் 26 நாள் முடித்திருந்தேன். புயல், வெள்ளம், மின்சாரம் இல்லை என்று எழுதிப் போட்டேன். விதிகளின்படி இயலாது, விடுபட்ட நாள்களைக் கட்டணம் செலுத்தி நிரப்பிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. வெள்ளம் வடியாத வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தேன். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

பிடிக்காவிட்டால் வாங்காதே, யார் உன்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று கேட்கிறவர்களுக்கு அந்தத் திருப்பாதிரிப்புலியூர்ப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெர்ஃபுக்குப் பிறகு வந்த இரண்டு வாரமும் நாங்கள் பெரிய போரில் தோற்றோம். இரண்டு முறையும் கடைசி நேரத்தில் நெய்வேலி அண்ணன் விழுந்தார். என் 3,200 போதவில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது வாரம் பையன் தயங்கித் தயங்கி, “அக்கா, நான் அந்தப் புது வைத்தியச்சியை எடுத்துவிட்டேன். இனி நீங்கள் கஷ்டப்பட வேண்டாம்” என்றான். குலுக்கல் அவனுக்கு எண்பது வரை போயிருக்கிறது. 6,392 ரூபாய். அவனுடைய சம்பளம் ஒன்பதாயிரம். ஏலச்சீட்டு கட்டுவதற்காக அவன் அம்மா கொடுத்து வைத்திருந்த பணத்தை எடுத்திருக்கிறான். எங்கள் குழு தோற்கக் கூடாது, அக்கா வருத்தப்படக் கூடாது என்று எடுத்திருக்கிறான். இதில் கட்டாயம் இல்லையா? கழுத்தில் கத்தி வைத்தால்தான் கட்டாயமா? ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒருவரை நொண்டியாக்கினால் மற்ற நான்கு பேரின் பாசமே கட்டாயமாக மாறும். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்றாவது வெளிப்படையாகச் சொல்கிறார்களே என்பார்கள். கென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தில் மிக அரிதான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு குலுக்கலில் விழ வாய்ப்பு 0.6 சதவீதம், தொண்ணூறுக்குள் ஒன்று உறுதி என்று எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தத் தொண்ணூறில் விழுவது நாம் கேட்டதாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. குழந்தைகளிடம் விற்ற விதத்துக்காகவும் வாய்ப்பைப் பற்றிக் குழப்பியதற்காகவும் தொடரப்பட்ட வழக்கில், 2025 ஜனவரியில் அந்த ஆட்டத்தை வெளியிடுகிறவர்கள் அமெரிக்காவில் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். தென்கொரியாவில் நடந்தது இன்னும் மோசம். மேப்பிள்ஸ்டோரி ஆட்டத்தில், கருவிகளின் ஆற்றலை மாற்றிப் பார்க்கும் கியூப் என்ற பொருளைப் பணத்துக்கு விற்றார்கள். பலரும் ஆசைப்பட்ட சில சேர்க்கைகள் விழவே விழாதபடி மாற்றி வைத்துவிட்டு, அதை ஆண்டுக்கணக்கில் மறைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் நெக்ஸான் நிறுவனத்துக்கு 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. எண்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. நினைத்த இரவில் நினைத்தபடி மாற்றலாம். கேரம் பலகைக்குச் சொந்தக்காரனே ஆட்டத்தின் நடுவில் என் பக்கத்துக் குழியைச் சின்னதாக்கிக்கொண்டிருந்தால் நான் எப்படிக் காயைத் தள்ளுவது?

நம் நாட்டில் கேட்கவும் இடமில்லாமல் நிற்கிறோம். பணம் வைத்துப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரி நான். அது வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் ஆட்டத்தில் யாரும் பணம் வெல்வதில்லை. கட்டுவதோடு முடிகிறது. அதனாலேயே இதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கத்தினால் நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2017-இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 ஆட்டத்தில், அந்தப் படங்களின் பேர்பெற்ற வில்லன் டார்த் வேடரைத் திறக்க 60,000 புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்று வைத்தார்கள். ஆடுகிறவர்கள் கொந்தளித்தார்கள். ஆட்டம் முறையாக வெளியாவதற்கு முன்பே அந்த விலையில் முக்கால் பங்கைக் குறைத்தார்கள். அவர்களுக்குக் காது இருக்கிறது. வசூல் பாதிக்கப்படும் என்று தெரியும்போது நன்றாகவே கேட்கிறது.

ஆகவே கேட்கிறேன். ஆடை விற்றுக்கொள்ளுங்கள். போர்வை, குதிரை, வீடு, கொடி, எதை வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள். பிடித்தால் நானும் வாங்குவேன். புதுக் கதாபாத்திரத்தை விற்பதானால் குலுக்கலை எடுத்துவிட்டு நேராக ஒரு விலை போடுங்கள். உழைத்து ஏறி வந்த பழைய கதாபாத்திரங்களை அதற்காக வெட்டாதீர்கள். குருவின் கதையை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள்.

என் 4,100-ஐத் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பையனின் 6,392-ஐயும்.