கொதிச்சா செத்துடும்னு சொல்றவங்களுக்கு

கோழிக்கடையில கறி எவ்வளவு அசுத்தமா வெட்டுறாங்கன்னு காட்டின வீடியோவுக்குக் கீழ நேத்து நடந்த சண்டையைப் பார்த்திருப்பீங்க. "மஞ்சள் போட்டு நாலு தண்ணி கழுவி கொதிக்க விட்டா கிருமியெல்லாம் செத்துடும், சும்மா பயமுறுத்தாதீங்க"ன்னு எழுதினவருக்கு அத்தனை லைக். மனசு வலிக்குது.

கொதிச்சா சாகும்தான். கறியோட நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டா வயித்தைக் கெடுக்கிற சால்மோனெல்லா, ஈகோலை மாதிரி கிருமியெல்லாம் போயிடும், மருந்துக்கு அடங்காத ரகமும் சேர்த்து. ஆனா கிருமி சட்டிக்குள்ள மட்டுமா இருக்கு? பச்சைக் கறியைக் குழாயில காட்டும்போது தெறிக்கிற தண்ணி பக்கத்துல கவுத்து வச்ச டம்ளர்லயும் கொத்தமல்லிக் கட்டுலயும் விழுது. கறி வெட்டின கத்தியிலேயே தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் நறுக்குறோம். அந்த வெங்காயத்தை யாரு கொதிக்க வைக்கிறா?

கடையில நடக்கிறதும் இதேதான். குடலை உருவும்போது கிழிஞ்சா உள்ள இருக்கிறது கட்டை மேல கொட்டும். அப்புறம் அதே கட்டை, அதே கத்தி, அதே துணி, காலையிலிருந்து மாத்தாத பக்கெட் தண்ணி. முதல் கோழியில இருந்தது அம்பதாவது கோழிக்கும் போய்ச் சேருது. வெயில்ல கிடக்கிற கறியில ஈகோலை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிச்சா, மூணு மணி நேரத்துல ஒண்ணு ஐநூறைத் தாண்டும்.

"ஏழை வியாபாரி வயித்துல அடிக்கிறியா?"ன்னு கேப்பீங்க. கையில வெட்டுக்காயத்தோட நாள் பூரா அந்தக் கட்டை முன்னாடி நிக்கிறவர் அவர்தானே! அவருக்காகவும்தான் கத்துறேன். ஓடுற தண்ணி, குடல் எடுக்க ஒரு கட்டை, கறி வெட்ட வேற கட்டை, ஒரு ஐஸ் பெட்டி. ராத்திரி கட்டையை முதல்ல சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டு அப்புறம்தான் பிளீச்சிங் பவுடர் தண்ணி ஊத்தணும். அப்படியே ஊத்தினா ரத்தமும் கொழுப்பும் குளோரினைத் தின்னுடும், கிருமி அப்படியே இருக்கும். ஃப்ரோசன் கறி வாங்கினா தப்பிச்சோமான்னா அதுவும் இல்லை, குளிர்ல கிருமி பெருகாது, அவ்வளவுதான்.

இத்தனையும் செஞ்சாலும் பண்ணையில தீவனத்துலயும் தண்ணியிலயும் கலக்கிற ஆன்டிபயாட்டிக்கை, அதாவது கிருமியைக் கொல்ற மருந்தை, என்ன பண்றது? நோய் வந்த கோழிக்குக் கொடுத்தா சரி. வேகமா எடை ஏறணும்னு கொடுத்தா, அந்த மருந்துக்குத் தாங்கற கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகும். வேற எதுவும் கேக்காதப்ப மனுஷனுக்குப் போடற கடைசி மருந்துகள்ல ஒண்ணு கொலிஸ்டின். அதையும் எதிர்க்கிற மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொண்ணுக்குத் தாவுதுன்னு 2015ல சீனாவுலிருந்து தகவல் வந்துச்சு. 2019 ஜூலையிலதான் நம்ம நாட்டுல கால்நடைக்கும் கோழிக்கும் அதைத் தடை பண்ணினாங்க.

பொறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தைக்கு ரத்தத்துல இப்படி மருந்துக்கு அடங்காத கிருமி ஏறி, போட்ட ஊசி எதுவும் கேக்கலைன்னா டாக்டர் கையில வேற என்ன இருக்கு? அந்தத் தாய்கிட்ட போய் மஞ்சள் போட்டுக் கழுவினியான்னு கேப்பீங்களா?

தயவுசெஞ்சு அந்தக் கமெண்ட்டை எடுத்துடுங்க.