தண்ணீர் புகாத டப்பா: வாங்குவதா, செய்வதா?

அக்கா மகன் நேற்று ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தான். "மாமா, ரிமோட் சப்மரீனுக்குள்ள வைக்கிற டப்பா ரெடிமேடாவே கிடைக்குது. வாங்கிடலாமா, நாமளே செஞ்சிக்கலாமா?" காலேஜ் மூன்றாம் வருடம், ப்ராஜெக்ட். நான் காவேரிப்பட்டணத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தண்ணீருக்குள் ஓடுகிற மோட்டாரோடுதான் பிழைப்பு, அதனால் மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தெரியாது. கெட்டுப்போனதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். போனில் சொல்லி மாளாது என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மாடல் நீர்மூழ்கியின் வெளிக்கூடு தண்ணீரைத் தடுப்பதற்காக இல்லை. அதில் வேண்டுமென்றே ஓட்டைகள் இருக்கும், தண்ணீர் தாராளமாக உள்ளே வரும், போகும். அதற்குள் படுத்திருக்கும் ஓர் உருளைதான் காய்ந்து இருக்க வேண்டும். பேட்டரி, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர், மோட்டார், சுக்கானைத் திருப்பும் சர்வோ, மூழ்கி எழ வைக்கும் பேலஸ்ட் தொட்டி எல்லாம் அந்த உருளைக்குள் அடக்கம். கப்பலின் அழகு வெளிக்கூட்டில் இருக்கிறது, உயிர் உருளையில் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் டப்பாவை நீயே செய். ஆனால் அதில் தண்ணீரை அடைக்கப் போடும் ரப்பர் சீல் ஒன்றைக்கூட நீ செய்யாதே, வாங்கு. ஏன் என்று கேட்டால் என் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

விசாகப்பட்டினம் போனபோது கடற்கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கியைப் பார்த்தேன். 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 91 மீட்டர் நீளம். உள்ளே நுழைந்து, வட்டக் கதவு ஒவ்வொன்றிலும் தலையை இடித்துக்கொண்டே வெளியே வந்தேன். ஊர் திரும்பியதும் 72-ல் ஒரு பங்கு அளவில் ஒன்று செய்யலாம் என்று ஆசை வந்துவிட்டது. கணக்குப்படி ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூட.

முதலில் எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு சதுர ஜங்ஷன் பாக்ஸ் வாங்கினேன். அதன்மேல் ஐ.பி. 67 என்று போட்டிருந்தது. அந்த எண்ணுக்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது. நமக்கு அது போதுமே என்று நினைத்தேன். ஆனால் அது ஆடாமல் அசையாமல் கிடக்கும் பெட்டிக்குச் சொன்னது. நானோ அதில் ப்ரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டுக்கு ஒரு ஓட்டை, சுக்கான் கம்பிகளுக்கு இரண்டு ஓட்டை என்று போட்ட பிறகும் அதே எண்ணை நம்பிக்கொண்டிருந்தேன். போதாததற்கு மூடி தட்டை. 20-க்கு 15 சென்டிமீட்டர் மூடி என்றால் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர். ஒரு மீட்டர் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நூறு கிராம் எடையால் அழுத்தும். மொத்தம் 30 கிலோ. ஒரு அரிசிச் சிப்பத்துக்கும் மேலே. நான்கு மூலையிலும் ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது. நடுவில் மூடி குழிந்து, விளிம்பு லேசாகத் தூக்கிக்கொண்டு, அந்த வழியாகத் தண்ணீர் வந்தது. எல்லாரும் உருளையாகச் செய்வது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உருண்டையாக இருந்தால் அழுத்தம் சுற்றிலும் ஒரே அளவாக விழும், வளைவதற்குத் தட்டையான இடமே கிடையாது.

அடுத்தது பி.வி.சி. பைப். கோபத்தில் இரண்டு பக்கமும் மூடி போட்டு சிலிக்கானை அப்பினேன். கடைத் தொட்டியில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டேன், ஒரு சொட்டு இல்லை. மீசையை முறுக்கிக்கொண்டேன். ஆனால் பேட்டரியை சார்ஜ் போட வேண்டுமே? பிளேடால் அறுத்துத் திறந்தேன். சார்ஜ் ஆனதும் மறுபடி அப்பி, மறுபடி ஒரு நாள் காயவிட்டேன். மூன்றாவது தடவை பழைய சிலிக்கான் பிசிறு ஒன்று எங்கேயோ ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. தலைமுடி அளவு. அதுவே போதுமானதாக இருந்தது.

பாரூர் பக்கம் சித்தப்பா கிணற்றில் இறக்கினேன். பன்னிரண்டு அடித் தண்ணீர். இரண்டு நிமிடம் ராஜா மாதிரி போயிற்று. அப்புறம் மூக்கைக் கீழே குத்தி, வால் மட்டும் மேலே தெரிந்து, அதுவும் போய்விட்டது. ரிமோட்டில் என்ன அழுத்தியும் பதில் இல்லை. சித்தப்பா மேட்டில் நின்றுகொண்டு, "என்னாடா அது, போனது வருமா வராதா?" என்றார். வீட்டுக்குள் போய்ப் பாதாளக் கரண்டியை எடுத்து வந்தார். வாளி விழுந்தால் எடுக்க வைத்திருந்தது. ஏழெட்டுத் தடவை துழாவிய பிறகு ப்ரொப்பெல்லரில் கொக்கி மாட்டியது. பைப்பைச் சாய்த்தால் இளநீர் மாதிரி ஊற்றுகிறது. ரிசீவர், ஸ்பீடு கன்ட்ரோலர் இரண்டும் போச்சு.

உள்ளே பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒரே நாளில் நனைந்ததால் வந்தது இல்லை என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்: செம்புக் கம்பி முனைகளெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. சில சிலிக்கான் காயும்போது வினிகர் போலப் புளிப்பு வாசனை வருமே, அது அசிட்டிக் அமிலம். மூடிய டப்பாவுக்குள் அந்த ஆவி சிக்கிக்கொண்டால் செம்பை அரிக்கும். காயில் கட்டுகிறவனுக்கே அது தோன்றவில்லை பாருங்கள்.

இதில் என்னை உறுத்தியது வேறு. எங்கள் பக்கம் போர்வெல்லில் இறங்கும் சப்மர்சிபிள் மோட்டார்களில் முக்கால்வாசி தண்ணீரைத் தடுப்பதே இல்லை. உள்ளே நல்ல தண்ணீரை நாமே ஊற்றி நிரப்பித்தான் இறக்குகிறோம். வைண்டிங் கம்பிமேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறது, அதனால் காயில் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும், அந்தத் தண்ணீரே சூட்டையும் எடுத்துக்கொள்ளும். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர், அப்புறம் ஆயிரம் அடி ஆழத்தில் மட்டும் என்ன பயம்? இத்தனை வருடம் அதைப் பார்த்துப் பழகிய கைக்கு, காற்றை உள்ளே அடைத்துவைத்துத் தண்ணீரை வெளியே நிறுத்தும் வேலை புதுசு. ரிசீவரையும் பேட்டரியையும் ஊறவைக்க முடியாதே.

மூன்றாவது டப்பாதான் இப்போது ஓடுகிறது. 80 மில்லிமீட்டர் வெளி விட்டம், 3 மில்லிமீட்டர் சுவர், அரை மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் குழாய். கண்ணாடி போல இருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும், அந்த நிம்மதிக்காகவே பி.வி.சி.யை விட்டுவிட்டேன். ஆனால் அக்ரிலிக்குக் கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி. தின்னர், பெட்ரோல் துணி பட்டால் நரம்பு நரம்பாக விரிசல் விழும். சோப்புத் தண்ணீரில் மட்டும் துடை. மூடிகளை ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். தம்பி, உன் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

மூடியைச் சுற்றி உட்காரும் ரப்பர் வளையம், அந்த ஓ-ரிங்கைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிவே வீண். நைட்ரைல் ரப்பர், 70 ஷோர் கடினம் என்று கேட்டு வாங்கு. 3 மில்லிமீட்டர் தடிமன் ரிங் என்றால், ரிங் நசுங்கி உட்காரும் இடைவெளி சுமார் 2.4 மில்லிமீட்டர் இருக்கும்படி மூடியில் காடி, அதாவது ரிங் உட்காரும் பள்ளம், வெட்டச் சொல். ஐந்தில் ஒரு பங்கு நசுங்க வேண்டும், அதுதான் கணக்கு. காடியின் அகலத்தை மட்டும் ரிங் அளவுக்கே வெட்டிவிடாதே, 4 மில்லிமீட்டர் விடு. ரப்பர் சுருங்காது, நகரத்தான் செய்யும். நகர இடம் இல்லையென்றால் மூடி உள்ளேயே போகாது. குழாயின் வாய் விளிம்பை உள்பக்கம் சரிவாகச் சீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூடியைத் தள்ளும்போது அந்த விளிம்பே ரிங்கைக் கத்தி மாதிரி செதுக்கிவிடும். என் முதல் ரிங் அப்படித்தான் போயிற்று. குழாய்க்குள் கறுப்பாக, நக அளவில் ஒரு பிறைத் துண்டு கிடந்தது. அப்புறம் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாக, விரலில் மினுமினுக்கும் அளவுக்கு. மூடி வழுக்கி உள்ளே போவதற்கு கிரீஸ், அடைப்பதற்கு ரப்பர். இரண்டின் வேலையையும் குழப்பிக்கொண்டு கிரீஸை அப்பாதே.

வேடிக்கை என்னவென்றால் ஆழம் போகப் போக ஓ-ரிங் இன்னும் நன்றாகத்தான் அடைக்கும். தண்ணீர் அதைக் காடியின் மறுபக்கச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அதனால் ஒழுக்கு வந்தால் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே வந்துவிடும். எல்லாரும் ஆழத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், எனக்கு முதல் ஒரு அடிமேல்தான் பயம்.

ஷாஃப்ட் நுழையும் இடத்துக்கு, சுழலும் தண்டை உதடு போலக் கவ்வும் லிப் சீல். சுக்கான் கம்பிகளுக்கு, மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் ரப்பர் உறையான பெல்லோஸ். பித்தளைக் குழாயில் கிரீஸை அடைத்தால் போதும் என்று மேலே மிதக்கும் படகு செய்கிறவர்கள் சொல்வார்கள். படகுக்குப் போதும்.

சோதனை பண்ணுவதற்கு நம் பஞ்சர் கடையைவிடச் சிறந்த ஆய்வகம் இல்லை. ஒரு மூடியில் பைக் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அதற்கு இரண்டு வேலை. ஒன்று, கடைசி மூடியைத் தள்ளும்போது உள்ளே இருக்கும் காற்று பிஸ்டன் போல நசுங்கும். ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளினாலே ஒன்றேகால் கிலோ விசையில் மூடியைத் திருப்பித் தள்ளும். 'டப்' என்று வந்து மூக்கில் அடித்தபிறகுதான் வால்வின் அருமை தெரிந்தது. ஊசியை அழுத்திக்கொண்டு மூடு, காற்று போய்விடும். இரண்டாவது வேலை சோதனை. வால்வு வழியாகக் கொஞ்சம் காற்றை ஏற்று, தொட்டியில் முக்கு, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், சைக்கிள் பம்பில் வேகமாக அடித்தால் அக்ரிலிக் வெடித்துச் சிதறலாம். நான் உள்ளூசியைக் கழற்றிவிட்டு ட்யூப் சொருகி வாயால்தான் ஊதுகிறேன். அந்த அழுத்தமே அரை மீட்டர்த் தண்ணீருக்குச் சமம். தண்ணீர் உள்ளே போகும் ஓட்டையைத் தேடாதே, காற்று வெளியே வரும் ஓட்டையைத் தேடு. போர்டு நனையாமல் உண்மை தெரிந்துவிடும்.

நம்ம ஊர் வெயிலுக்கென்று ஒரு தொல்லை தனியாக இருக்கிறது. மத்தியானம் 40 டிகிரியில் மூடிவிட்டு 26 டிகிரி கிணற்றுத் தண்ணீரில் விட்டால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து, அழுத்தம் நாலரை சதவீதம் குறையும். உன் டப்பா சும்மா மிதந்துகொண்டிருக்கும்போதே அரை மீட்டருக்குக் கீழே இருப்பதுபோல உறிஞ்ச ஆரம்பிக்கும். கூடவே குழாயின் உள்சுவரில் வியர்க்கும். அதைப் பார்த்து ஒழுகுகிறது என்று நான் இரண்டு ரிங் மாற்றினேன். ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டதும் நின்றது. நிழலில் மூடு, வால்வைத் திறந்து ஆறவிடு.

அந்த உருளை இடம்பிடிக்கும் தண்ணீர் இரண்டரை லிட்டர். அதாவது முழு எடை இரண்டரைக் கிலோ வராமல் அது மூழ்கவே மூழ்காது. மூழ்க மாட்டேன் என்கிறது மாமா என்று நீ அழுதுகொண்டு வருவாய், இப்போதே சொல்லிவைக்கிறேன். டயர் கடையில் பேலன்சிங் போடும் ஈயத் துண்டுகளைக் கேட்டு வாங்கி அடியில் ஒட்டு.

ரிமோட் விஷயம் ஒரு வரியில்: 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் தண்ணீருக்குள் சாதிக்காது, என் கிணற்றுக் கதையில் பாதிக் குற்றவாளி அதுதான். பழைய 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் வகைதான் நல்ல தண்ணீரில் சில மீட்டர் போகும். உப்பு கூடினால் அதுவும் குறையும், எங்கள் போர்த் தண்ணீர் லட்சணம் தெரிந்ததுதானே. அதைவிட மழைத் தண்ணீர் நிற்கும் பண்ணைக்குட்டை எவ்வளவோ மேல். நிஜ நீர்மூழ்கிகளுக்கும் இதே தலைவலிதான். அதற்காகத்தான் 1990-ல் திருநெல்வேலி பக்கம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தைத் தொடங்கி, மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் கடலுக்கடியில் செய்தி அனுப்புகிறார்கள். சிக்னல் போனால் பேலஸ்ட் தானாகக் காலியாகி மேலே வரும்படி ஃபெயில்சேஃப் வைத்துவிடு. முதல் பத்துத் தடவை நைலான் கயிறும் கட்டு. கயிறு கட்டினால் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

சரி, ரெடிமேட். அதை மட்டமாகச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் வருடக்கணக்காக இதையே செய்கிறவர்களின் உருளையைப் படத்தில் பார்த்தாலே கை வேலை தெரிகிறது. நீ காசு கொடுத்து வாங்கினால் முதல் நாளே ஒழுகாமல் ஓடும். என்றைக்காவது ஒருநாள் ஒழுகும், ரப்பருக்கு வயதாகாமல் இருக்காது. அன்றைக்கு எந்தக் காடி, எந்த ரிங், எந்த அளவு என்று உனக்குத் தெரியாது. பார்சல் வரும்வரை காத்திருப்பாய், இல்லையென்றால் என்னைப் போல சிலிக்கானை அப்புவாய். முதலாவதை நீ செய்து ஒழுகவிட்டிருந்தால், இரண்டாவதை வாங்கினாலும் கவலை இல்லை. என் குறையெல்லாம் மூடியே திறக்காதபடி ஒட்டிவிட்டு அதற்கு 'வாட்டர்ப்ரூஃப்' என்று பெயர் வைப்பதில்தான். பேட்டரியையும் உள்ளே வைத்து மூடிய டப்பாவில் சார்ஜ் போடாதே. லெட் ஆசிட் என்றால் ஹைட்ரஜன் வரும், மூடிய இடத்தில் ஒரு பொறி போதும்.

ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் ஷாஃப்டுக்கு அடியிலும், சுக்கான் கம்பிகளுக்கு அடியிலும் நாளிதழ்த் துண்டு ஒன்றை வைத்துத்தான் மூடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை குட்டையில் நாற்பது நிமிடம் ஓடியது. திறந்தேன். ஷாஃப்டுப் பக்கம் காகிதம் மொறுமொறு என்று இருந்தது. இடது சுக்கான் கம்பிக்குக் கீழே மட்டும் கடுகளவு ஈரம். பெல்லோஸ் மாற்ற வேண்டும். நீ வருவதானால் அடுத்த ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் வா, கயிறு என்னிடம் இருக்கிறது.