ஸ்க்ரீன் டைம் ஒரு மணி நேரம்

தம்பி: அக்கா, ஹாலில் என்ன இப்படி வெயில் கொளுத்துகிறது? ஸ்க்ரீனை யார் திறந்து வைத்தது?

அக்கா: நான்தான் தம்பி. இன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது.

தம்பி: என்ன நேரம்?

அக்கா: ஃபிரிட்ஜில் நீங்கள் ஒட்டியிருக்கிறீர்களே, 'ஸ்க்ரீன் டைம் ஒரு மணி நேரம் மட்டும்' என்று. பிள்ளை மத்தியானம் தூங்கும்போது ஒரு மணி நேரம் மூடினேன். எழுந்ததும் திறந்துவிட்டேன். மூன்று நாளாக இப்படித்தான்.

தம்பி: மே மாதம் அக்கா! மேற்குப் பார்த்த ஹால்! ஏசி பதினெட்டில் ஓடியும் வியர்க்கிறதே என்று நேற்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டு போனான்.

அக்கா: என்னைக் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பேன்.

தம்பி: அந்த ஸ்க்ரீன் வேறு, இந்த ஸ்க்ரீன் வேறு.

அக்கா: உள்ளே வந்ததும் ஜன்னலைக் காட்டி 'ஸ்க்ரீனை யார் திறந்தது' என்று நீங்கள்தானே கேட்டீர்கள்? பொங்கலுக்கு இதைத்தான் 'ஸ்க்ரீன் எல்லாம் அழுக்கு, துவைத்துப் போடுங்கள்' என்றீர்கள். கை விட்டுப்போக ஆறு ஸ்க்ரீன் துவைத்தேன். இப்போது அது ஸ்க்ரீன் இல்லை என்றால் எப்படி?

தம்பி: ஃபிரிட்ஜில் இருப்பது டிவி, செல்போன், டேப்லெட்.

அக்கா: அப்படியே எழுதுவதற்கு என்ன? இடம் இல்லையா?

(வேளச்சேரி, மூன்றாவது மாடி. நான் லிஃப்டுக்காக நிற்கிறேன். தம்பி வீட்டுக்காரர், அக்கா அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர். அவர்கள் கதவு திறந்திருந்தது, லிஃப்ட் வருவதாக இல்லை. ஒட்டுக்கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். படியில் இறங்கியிருக்கலாமே என்றும் கேட்க வேண்டாம்.)

தம்பி: சரி, போகட்டும். ஆனால் இப்படித் திறந்து போட்டால் எதிர் பிளாக்கில் இருப்பவர்களுக்கு நம் வீடு முழுக்கத் தெரியாதா?

அக்கா: தெரிகிறதே. எதிர் வீட்டம்மா கேட்டார்கள், 'உங்கள் சார் மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி கட்டிக்கொண்டு யாரோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்' என்று.

தம்பி: ஐயோ! நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அக்கா: அமெரிக்காக்காரனோடு என்றேன். அவனுக்குச் சட்டை மட்டும்தான் தெரியும், உங்களுக்குத்தான் முழுசாகத் தெரிகிறது, கொடுத்துவைத்தவர் நீங்கள் என்றேன்.

தம்பி: அக்கா, அந்த அட்டவணை விளையாட்டு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காகப் போட்ட வழிகாட்டி. காசு கொடுத்து லேமினேட் செய்திருக்கிறேன். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டில் இருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது.

அக்கா: ஒரு வயதுக்குக் கூடவே கூடாதா? முதல் இட்லியே செல்போனைக் காட்டித்தானே ஊட்டினீர்கள்? இட்லிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் செல்போனை நக்கினானே, மறந்துவிட்டதா?

தம்பி: அது அப்போது. இப்போது திருத்திக்கொள்கிறோம். இவனுக்கு மூன்றரை வயது. ராத்திரியும் பகலும் சேர்த்துப் பத்தில் இருந்து பதின்மூன்று மணி நேரம் தூங்க வேண்டும். அது நடக்கிறதா, சொல்லுங்கள்.

அக்கா: ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான்?

தம்பி: நான் கடைசி ஆபீஸ் போன் கால் முடித்து வெளியே வர பத்தரை ஆகிறது. அப்புறம் கொஞ்ச நேரம் தூக்கிப் போட்டு விளையாடுவேன். பாவம், அப்போதுதானே அவனோடு இருக்க முடிகிறது. பதினொன்றரை ஆகிவிடும்.

அக்கா: எழுந்திருப்பது?

தம்பி: ஏழு. என் அலாரம் அடித்ததும் அவனும் எழுந்துவிடுகிறான்.

அக்கா: கூட்டிப் பாருங்கள்.

தம்பி: ஏழரை.

அக்கா: ஆமாம், ஏழரைதான். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. பரிகாரம் திருநள்ளாற்றில் இல்லை, உங்கள் அலாரத்தில் இருக்கிறது. மத்தியானம் நான் தூங்க வைக்கும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்தாலும் எட்டரையைத் தாண்டாது.

தம்பி: சரி, தூக்கத்தை விடுங்கள். நாளுக்கு 180 நிமிஷம் ஓடியாட வேண்டும். அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற மாதிரி. அதற்காவது நீங்கள் கீழே கூட்டிப் போகலாமே.

அக்கா: கூட்டிப் போனேன். 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று போர்டு இருக்கிறது. சைக்கிள் ஓட்டலாம் என்றால் கார். காருக்கும் காருக்கும் நடுவில் ஓடலாம் என்றால் வாட்ச்மேன் விசில் அடிக்கிறார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பந்து பட்டு கார் கண்ணாடி போனது என்று அசோசியேஷனில் புகார் கொடுத்துப் போர்டு வைக்கச் சொன்னவர் யாரோ.

தம்பி: ...

அக்கா: நீலக் கலர் கார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

தம்பி: அந்தக் கண்ணாடி பதினோராயிரம் அக்கா!

அக்கா: கண்ணாடி போனால் வாங்கலாம். 180 நிமிஷம் எந்தக் கடையில் கிடைக்கும், அதையும் லேமினேட் போட்டு ஒட்டுங்கள்.

தம்பி: சாப்பாட்டு விஷயமாவது பாருங்கள். 'குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிட வேண்டும்'. இது நானாகச் சேர்த்தது.

அக்கா: சேர்த்தது சரி. சேர்ந்தீர்களா?

தம்பி: அவன் அம்மா சிறுசேரியில் இருந்து வந்து சேரவே எட்டாகிறது. எனக்கு எட்டு மணிக்குக் கால்.

அக்கா: அந்தப் பெண்ணைச் சொல்லாதீர்கள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஊட்டுகிறாள். நீங்கள் பக்கத்து அறையில் இருந்து, 'மியூட் போட்டிருக்கிறேன், என்ன சமையல்?' என்கிறீர்கள். என் பேத்தி கார்ப்பரேஷன் பள்ளியில் இரண்டாவது படிக்கிறாள். பள்ளி இருக்கிற நாளில் காலை உணவு அங்கேதான். திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். ஒரு பிள்ளை கையிலும் செல்போன் இல்லை. தட்டைக் கழுவிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறார்கள்.

தம்பி: அங்கே பார்த்துக்கொள்ள டீச்சர் இருப்பார்கள்.

அக்கா: இங்கே நீங்கள் இருக்கிறீர்களே.

(லிஃப்ட் வந்தது. நான் ஏறவில்லை. போய்விட்டது.)

தம்பி: சரி, நட்சத்திரமாவது ஒட்டினீர்களா? ஒவ்வொரு நல்ல பழக்கத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் கொடுக்கச் சொன்னேனே.

அக்கா: கொடுத்தேன். இரண்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டான். ஒன்றை எனக்கு ஒட்டினான். ஒன்றை உங்கள் லேப்டாப்பில், மேலே சின்னதாகப் புள்ளி மாதிரி இருக்கிறதே, அதன்மேல் ஒட்டிவிட்டு வந்தான்.

தம்பி: அது கேமரா! காலையில் இருந்து முகமே தெரியவில்லை என்று மேனேஜர் கத்துகிறார். நெட்வொர்க் சரியில்லை என்று மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தேன்!

அக்கா: நல்லதுதானே. அங்கேயும் தெரியாது என்றால் சட்டைக்கு இஸ்திரி மிச்சம்.

தம்பி: லுங்கியை விடவே மாட்டீர்களா?

அக்கா: நான் விட்டாலும் எதிர் வீட்டம்மா விட மாட்டார்கள்.

தம்பி: உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. ஸ்க்ரீன் என்றால் டிவி, செல்போன் என்று உங்களுக்குத் தெரியாதா?

அக்கா: தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? மூன்று நாளாக அவன் டிவி கேட்டானா?

தம்பி: ...இல்லை.

அக்கா: செல்போன்?

தம்பி: கேட்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கூட வாங்கினேன்.

அக்கா: ஜன்னலைத் திறந்தால் டிவியில் வெயில் அடிக்கிறது, ஒன்றும் தெரிவதில்லை. டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அதில் அவன் மூக்குதான் தெரிந்தது. தூக்கிப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டான். பறக்கும் ரயிலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். அடுத்த ரயில் வரும்வரை நன்றாக மெல்லுகிறான். முன்னேயெல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டு அப்படியே விழுங்குவான். அந்த ரயில் 2007ல் வேளச்சேரிக்கு வந்தது. ஸ்டேஷன் கட்டும்போது சித்தாள் வேலைக்குப் போய் மண் சுமந்தவள் நான். இப்போது உங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்ட உதவுகிறது.

தம்பி: இப்போது எங்கே அவன்? சத்தத்தையே காணோமே?

அக்கா: உங்கள் அறையில். காய் நறுக்கும் பலகையை முக்காலிமேல் வைத்து, அதில் தட்டிக்கொண்டிருக்கிறான். ஆபீஸ் விளையாட்டாம். கூப்பிட்டுப் பாருங்கள்.

தம்பி: கண்ணா! வாடா, அப்பாவோடு ரயில் பார்க்கலாம்!

(உள்ளே இருந்து ஒரு சின்னக் குரல்: "ஒரு நிமிஷம்!")

அக்கா: கேட்டீர்களா? அம்மா, அப்பாவுக்கு அப்புறம் அவன் தெளிவாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். யாரிடம் படித்தானோ!

தம்பி: ...நானே உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வருகிறேன். அடுத்த ரயில் எப்போது?

அக்கா: வருகிற நேரம்தான். இந்தப் பக்கம் நில்லுங்கள், அந்த வேப்பமரம் மறைக்கும். என்ன சத்தம் அது, போனா?

தம்பி: ஆபீஸ். ஒரு நிமிஷம் அக்கா, எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அக்கா: எடுங்கள், எடுங்கள். ஸ்க்ரீனை மூடட்டுமா?

தம்பி: எதற்கு? ரயில் பார்க்க வேண்டாமா?

அக்கா: லுங்கி.