வைஸுக்கு எதற்குப்பா மேக்கப்?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி பட்டறைக்கு வந்தான். பழைய லுங்கியில் சுற்றி, பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, துவாக்குடியிலிருந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறான். பிரித்தால் வைஸ், பெஞ்சில் பொருத்தி வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கிற கருவி. உடம்பெல்லாம் தீயணைப்பு வண்டிச் சிவப்பு, எழுத்துக்கு மட்டும் தங்கக் கலர், ஹாண்டில் பஃப் அடித்து முகம் பார்க்கிற மாதிரி. "எப்படிண்ணே?" என்றான்.

ஹாண்டிலைச் சுற்றிப் பார்த்தேன். முக்கால் சுற்று வரை சும்மாவே சுற்றியது, அதற்குப் பிறகுதான் முன் தாடை நகர ஆரம்பித்தது. பாதி வழியில் நின்றும் விட்டது. என்னவென்று பார்த்தால், உள்ளே போய் வருகிற சதுரத் தண்டுக்கும் சேர்த்து பெயிண்ட் அடித்திருக்கிறான். பெயிண்ட் சுருண்டு, சுருண்டு, பாடிக்குள் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

"நல்லா இருக்குப்பா" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். முகத்துக்கு நேரே சொல்ல மனசு வரவில்லை. அவன் இதைப் படிப்பான், அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் பதினொரு வைஸ் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லை எழுதும் அதே எழுத்துக் கூட்டலுக்குக் கெட்ட பழக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. என் மனைவிக்கு அது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எனக்குத் தனி மரியாதைதான்.

பழைய இரும்புக் கடையில் வைஸ் எடுக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் கிரைண்டரைத் தொடாதீர்கள். இது பட்டுத் தெரிந்துகொண்டது. ஏழெட்டு வருடத்துக்கு முன் அரியமங்கலம் பக்கம் ஒரு கடையில் கிலோ கணக்கில் ஒரு வைஸ் வாங்கினேன். மேலே துரு, அதற்கு மேல் தார், அதற்கும் மேல் யாரோ அடித்த அலுமினியம் பெயிண்ட். ஆர்வக் கோளாறில் அன்று சாயங்காலமே கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க்கை (உப்புத்தாள் மடல் அடுக்கிய வட்டை) போட்டு ஒரு பக்கத்தை வழவழவென்று ஆக்கிவிட்டேன். மறு பக்கம் திருப்பி ஆரம்பிக்கும்போதுதான் கைக்கு ஏதோ மேடு தட்டியது. சாக்பீஸைத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். பார்க்கின்சன், ஷிப்லி என்று எழுத்து எழும்பி வந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மாகாணத்து ஷிப்லியில் ஜே. பார்க்கின்சன் அண்ட் சன் கம்பெனி வார்த்த 'பெர்ஃபெக்ட் வைஸ்'. ஹாண்டில் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் அரை நட் ஸ்குரூவை விட்டு விலகிவிடும், தாடையைச் சுற்றாமலே சர்ரென்று இழுக்கலாம், தள்ளலாம். கையை எடுத்தால் நட் மறுபடி புரியைக் கவ்வும். அப்பேர்ப்பட்ட வைஸின் மறுபக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்கு இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. தரையில் கிடந்த பொடியைக் கூட்டி அள்ளினேன்.

எங்கள் திருச்சிப் பக்கம் இங்கிலாந்து வைஸ் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. பெரம்பூரில் ரயில்வே பட்டறை வந்தது 1856-இல், இங்கே பொன்மலையில் 1928-இல். ரயில்வேக்கும் மில்லுக்கும் கருவிகள் கப்பலில் வந்து இறங்கிய காலம். அதிகம் கண்ணில் படுவது ஷெஃபீல்டில் செய்த நீல நிற ரெக்கார்டுதான். சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் கம்பெனி 1898-இல் ஆரம்பித்தது, ரெக்கார்டு என்ற பெயர் 1909-இல் வந்தது. பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 3 என்று இருந்தால் மூன்று அங்குலம் இல்லை, அது மாடல் எண். தாடையின் அகலம்தான் வைஸின் அளவு, ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது. ரெக்கார்டு 3-ஐ அளந்தால் 4 அங்குலம் வரும்.

தேதியிலும் இப்படி ஒரு வம்பு உண்டு. அமெரிக்காவின் வில்டன் வைஸ், துப்பாக்கிக் குண்டு மாதிரி உருண்ட உடம்போடு இருக்கும், செக் நாட்டிலிருந்து போய்க் குடியேறிய ஹ்யூ வோகல் என்பவர் 1941-இல் சிகாகோவில் தொடங்கியது. நகரும் தண்டின் அடியில் இருக்கும் சாவிக்கட்டையில் தேதி குத்தியிருப்பார்கள். பழையதில் அது செய்த தேதி இல்லை, ஐந்து வருட உத்தரவாதம் முடிகிற தேதி. ஐந்தைக் கழிக்க வேண்டும். இதுவும் கிரைண்டர் வைத்தால் போய்விடுகிற சமாச்சாரம்தான்.

சரி, பெயிண்டுக்கு வருகிறேன். பெயிண்ட் அழகாக இல்லை என்பதல்ல என் புகார். அது மறைக்கிறது. வைஸின் உடம்பு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஹாண்டிலில் பைப்பைச் செருகி இரண்டு பேர் தொங்கினால் விரிசல் விடும். ஹாண்டிலின் நீளம் ஒரு ஆள் கைக்கு என்று கணக்குப் பண்ணி வைத்தது, அதற்கு மேல் நெம்ப அல்ல. விரிசல் விட்டதைப் பித்தளை வைத்து ஊதி ஒட்டியிருப்பார்கள். மேலே மஞ்சளாக ஒரு கோடு ஓடும், பார்த்ததும் தெரியும். கெட்டியாக ஒரு கோட் பெயிண்ட் அடித்து விற்றால்? பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோம் இல்லையா, அதேதான் வழி. தாடையைக் கழற்றி, பாடியை மரக்கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல வார்ப்பு மணி மாதிரி இழுக்கும். விரிசல் இருந்தால் டொக்கென்று செத்த சத்தம்.

தம்பியின் வைஸில் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது ஜா பிளேட்டைப் பார்த்துத்தான். தாடையின் முகப்பில் மாட்டும் கடினப்படுத்திய எஃகுத் தகடு அது, பல் வெட்டியிருக்கும், பொருள் நழுவாமல் பிடிப்பதே அந்தப் பல்தான். பளபளக்க வேண்டுமென்று அதையும் தேய்த்துவிட்டான். இப்போது அது எதைப் பிடிக்கும்? மெல்லிய பொருளுக்குத் தடம் விழக் கூடாதென்றால் இரண்டு துண்டு அலுமினியம் ஆங்கிளை மேலே மாட்டிக்கொண்டால் போதுமே.

பிளேட்டை மாற்றலாம், ஆனால் அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைக் கழற்றுவது தனி வேலை. என் ரெக்கார்டில் நாலு ஸ்குரூவில் மூன்று வந்துவிட்டது. நாலாவதுக்கு டீசலும் மண்ணெண்ணெயும் மாற்றி மாற்றி விட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன். தினமும் காலையில் பழைய ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு, பிறகு விட்டுவிடுவேன். பத்தாம் நாள் 'க்ரீச்' என்று அரை நூல் நகர்ந்ததே, அந்தச் சத்தத்துக்கு ஈடு கிடையாது. வெளியே எடுத்தால் அது மெட்ரிக் ஸ்குரூ. விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவில் புரி வெட்டிய துளைக்குள் யாரோ ஒரு புண்ணியவான் முரட்டடியாக ஏற்றியிருக்கிறார். விட்வொர்த் புரியின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் 60. உள்ளே பாதிப் புரி மாவாகிக் கிடந்தது. பி.எஸ்.டபிள்யூ. டேப், அதாவது விட்வொர்த் புரி வெட்டும் கருவி, இன்னும் சில ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் உள்ளே போய்த் தேடி எடுத்துத் தருகிறார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துருவுக்கு நான் செய்வது வாஷிங் சோடா கரைத்த தண்ணீர், ஒரு பேட்டரி சார்ஜர். வைஸில் நெகட்டிவ், பக்கத்தில் தொங்கும் வேண்டாத இரும்புத் தகட்டில் பாசிட்டிவ். ராத்திரி முழுக்க ஓடினால் துரு கரும்பொடியாக உதிரும், எழுத்து ஒன்றும் அழியாது. தகடாக எவர்சில்வரை மட்டும் போடாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். தண்ணீரிலிருந்து குமிழ் விட்டு வரும் வாயு தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள், பீடியை அணைத்துவிட்டு.

துடைத்து, வெயிலில் காயவைத்து, டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசாக ஒரு தடவு தடவினால் முடிந்தது. (துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அதுவாகவே சூடேறிப் பற்றும். விரித்துக் காயப் போடுங்கள்.) கடற்கரை ஊர்க்காரர்கள் உப்புக்காற்றுக்குப் பெயிண்ட் வேண்டும் என்பார்கள், நியாயம்தான். அடியுங்கள், தண்டையும் தாடையையும் விட்டுவிட்டு.

இதற்கு நேரெதிராக இன்னொரு கூட்டம் இருக்கிறது. துருவே அழகு, எதையும் தொடாதே என்பார்கள். அவர்களோடும் எனக்கு ஒத்துவராது. தாடையின் ஓரத்தில் ஹேக்சா பிளேடு இறங்கிய தடத்தை நான் விட்டுவைப்பேன், பின்பக்கத்து மேடையில் எவனோ டிரில் போட்ட ஓட்டையையும் விட்டுவைப்பேன். தேய்ந்த நட்டை விட்டுவைக்க மாட்டேன். பொருளைப் பிடிக்காத வைஸை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இவ்வளவு பேசுகிற என் பதினொன்றில் பெஞ்சில் போல்ட் போட்டு வேலை செய்கிறவை நாலுதான். மீதி ஏழும் ரேக்கில் எண்ணெய் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கின்றன. தம்பி அதைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, கேட்கவில்லை.

தம்பி, அடுத்த ஞாயிறு வைஸை எடுத்துக்கொண்டு வா. தண்டில் இருக்கும் பெயிண்டைச் சுரண்டிவிடலாம், நட்டைக் கழற்றிப் பார்ப்போம், பிளேட்டுக்கு அளவெடுப்போம். சிவப்பு இருக்கட்டும், ஆசையாக அடித்துவிட்டாய்.

அப்புறம், ஷிப்லி வைஸின் நெம்புகோல் ஸ்பிரிங் யாரிடமாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். என்னுடையது மூன்று துண்டாக இருக்கிறது.